சூரியனை மறைக்கும் வேலை

அந்தப் படங்களில் நட்டநடுவே கறுப்பாய் இருப்பது
என் தலை.

உற்றுப் பார்த்தால் தொப்பியின் குஞ்சம் தெரியும்,
ஒரு பக்கக் காதுமடலைக் கட்டாமல் விட்டதும்.
முகம் ஒன்றிலும் இல்லை.
ஔலு நகரத்தில் கண்காட்சி வைத்தவர்கள்
வளைவுகளுக்கெல்லாம் அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதியிருந்தார்கள்.
நடுவில் இது என்ன என்று கேட்டார்களாம்.
"மறைப்பு" என்றாளாம் ஹில்க்கா.

குசாமோவுக்குத் தெற்கே ஒரு சறுக்குமேடு.
பனிப்பீரங்கி பதினொன்று என் பொறுப்பு.
மைனஸ் இருபத்து நான்குக்கு இறங்கிவிட்டால்
அவை துப்பும் மூட்டத்தில் பாதி தரைக்கு வராது;
பள்ளத்தாக்குப் பக்கம் சாயும்,
சாயச்சாய ஒவ்வொரு துளியும்
தனக்கு ஆறு பக்கம் தீட்டிக்கொள்ளும்.
இரைச்சல் என்று முறையிடத்தான் ஆட்கள் வருவார்கள்.
இவள் வந்து,
"ஏழாம் எண்ணை நிறுத்தாதே" என்றாள்.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
காலையில் பிள்ளைகளை இறக்கி
இரண்டு மணிக்கு ஏற்றும்வரை
அவளுக்கு வானம்.

முதலில் விளக்குக் கம்பத்தால் சூரியனை மறைத்தாள்.
சூரியன் நகர்ந்தது, கம்பம் நகரவில்லை.
பிறகு வாடகைக்கடைப் புகைபோக்கி. அதில் புகை.
பிறகு என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.
"உன் தலை போதும்."
என் தலையால் ஆகக்கூடியது ஒன்று உண்டென்று
ஐம்பத்தொரு வயதில்
முதல்முதலாக ஒருவர் சொன்னார்.

இடப்பக்கம் அரையடி. குனி. இன்னும். அங்கேயே.
மூச்சு விடாதே, ஆவி படத்தில் விழுகிறது.
என்னையே பார். திரும்பாதே,
திரும்பினால் நீ அண்ணாந்துவிடுவாய்.

மின்கலம் இரண்டும் அக்குளில் அடைகாத்திருக்கும்.
கையுறை கழற்றிய விரல் சிவக்கும், பிறகு வெளுக்கும்.
பேருந்தில் தலை எண்ணுகிறவள்போல்
உதடு அசைய எண்ணுவாள்:
ஊர்கோள், இடப்பக்கச் சூரியன், வலப்பக்கச் சூரியன்,
உச்சியில் கவிழ்ந்த வில்...
பதினான்கு.
எப்போதும் பதினான்கு.
"ஒன்று இன்னும் ஏறவில்லை" என்பாள்,
எனக்குப் பின்னால் எதையோ தேடி.

எனக்குப் பின்னால் நடந்ததெல்லாம் எனக்குத் தெரியாது.
தெரிந்தது இவ்வளவு:
மூட்டம் சட்டென்று தூளாகி மின்னிய ஒரு நாள்
அவள் வாய் திறந்தது, மூட மறந்தது.
கீழ்வரிசையில் ஒரு பல் கோணல்.
மூக்கு நுனியில் ஒரு சொட்டு
விழுவதா உறைவதா என்று நின்றது.
அதை யாரும் படம் எடுக்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை
"ஒரே ஒரு தரம், நீ நில்" என்றேன்.
முனகிக்கொண்டு நின்றாள்.
எட்டு அடி பின்னால் போனேன், ஒன்பது,
குனிந்தேன்,
அவள் முக்காட்டுத் தொப்பி சூரியன்மேல் போய் உட்கார்ந்தது.

என்னத்தைச் சொல்ல.
கவராயம் கிடைத்த பையன்
பலகை முழுக்க வட்டம் போட்டு
ஒன்றையும் அழிக்காமல் ஓடிப்போனதுபோல்.
அவளுக்கு இப்பால் ஒரு சூரியன், அப்பால் ஒரு சூரியன்.
கைப்பேசியை எடுத்தேன்.
நான்கு விழுக்காடு காட்டியது.
அப்புறம் எதுவும் காட்டவில்லை.

"எத்தனை?"
கத்தினாள்.
எண்ணினேன். எண்ணிக்கையில் நான் மோசம்,
சீட்டாட்டத்தில் என்னிடம் கணக்கை விடமாட்டார்கள்.
"பதினைந்து" என்றேன்.

திரும்பிவிட்டாள்.

அவள் தலை விலகிய இடத்திலிருந்து சூரியன்
முழுசாக என் இரண்டு கண்ணிலும் விழுந்தது.
"எங்கே? எந்தப் பக்கம்?"
கேட்டுக்கொண்டே இருந்தாள், அண்ணாந்தபடி.
கண்ணைப் பொத்திக்கொண்டு
எல்லாப் பக்கமும் கைகாட்டினேன்.

அதற்கப்புறம் வெகுநேரம்
எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு பச்சைப் பொட்டு:
ஏழாம் பீரங்கியின் வாயில்,
அறிவிப்புப் பலகையில்,
திட்டிக்கொண்டிருந்த மேலாளர் நெற்றியில்,
இரண்டு மணிப் பிள்ளைகளை ஏற்றப் போகும் பேருந்தின்
பின்கண்ணாடியில்.