நாற்பத்தொரு படம்

கலியாண வீட்டில் "கொஞ்சம் நில்லுங்கோ" என்றால்
மாப்பிள்ளை நிற்பார், தாலி நிற்கும்,
ஐயர்கூட மந்திரத்தை ஒரு மூச்சு நிறுத்தி
என் கமராவைப் பார்ப்பார்.
இங்கே ஒருத்தரும் நிற்பதாயில்லை.

உட்துறைமுக வீதி, மூடின அரங்கு,
பாடசாலைப் பிள்ளைகளின் பூப்பந்துப் போட்டி.
கச்சான் காற்று நுழைந்தால் பந்து வழிமாறும் என்று
ஜன்னலையெல்லாம் அடைத்து
வேர்வையில் ஊறிக் கிடக்கிறது சனம்.
ஃபிளாஷ் அடிக்கக் கூடாது, முதலே சொல்லிவிட்டார்கள்.
அறுபது படம், தெளிவாக, ஞாயிறுக்குள்.

முதல் ஆட்டத்தில் எடுத்தது இருநூற்றுப் பன்னிரண்டு.
கை இருக்கவேண்டிய இடத்தில் புகை.
மட்டை இல்லை, மட்டை போன வழி இருக்கிறது.
முகம்,
ஈரத்துணியால் பாதி துடைத்த கரும்பலகை.

வெளியே மத்தியானம் கடலில் பட்டுக் கண்ணைக் குத்துகிறது.
உள்ளே அதில் நூறில் ஒரு பங்கும் இல்லை.
கண்ணுக்கு அது விளங்காது,
கண் தாராள மனசுக்காரி.
கமரா கணக்குப்பிள்ளை.

நொடியை ஐந்நூறாய் நறுக்கினேன், படம் கறுத்தது.
வில்லையை அகலத் திறந்து
ஐ.எஸ்.ஓ.வை ஆறாயிரத்து நானூறுக்கு ஏற்றினேன்.
வெளிச்சம் வந்தது, கூடவே மணலும்:
நிலாவெளியில் புரண்டெழும்பின பிள்ளையின் முதுகுபோல
படம் முழுக்கப் பருக்கை.
இருக்கட்டும். மணலைத் தட்டலாம்,
கலங்கினதை என்ன செய்ய?

ஒரு படம் பச்சை, அடுத்தது செம்மஞ்சள்.
அதுவும் பிறகுதான் பிடிபட்டது:
குழல்விளக்கு நொடிக்கு நூறு தரம் கண்சிமிட்டுகிறதாம்,
எங்களுக்குச் சொல்லாமல்.

மூன்றாம் ஆட்டத்தில் துரத்துவதை விட்டேன்.
எம்பின உடம்பு இறங்க முன்னம்
ஒரு பொட்டு நேரம் எங்கேயும் போகாமல் இருக்கும்;
அங்கே போய்க் காத்திருக்கவேண்டும்.
பாலையூற்று ஷெவோன் எம்பினாள்,
பின்னல் அவளுக்கு மேலே நின்றது.
நான் அமர்த்தினேன்.
அவள் கலக்கம்.
அவளுக்குப் பின்னால், பின்கோட்டோரம்,
பிளாஸ்டிக் கதிரையில் இருந்த கோட்டு நடுவர் ஜெனுஷன்
மீசை அரும்பு ஒவ்வொன்றாய் எண்ணலாம்போலத் துல்லியம்.
கொட்டாவி விடுகிறான்.

அடுத்ததிலும் அவன். அதற்கடுத்ததிலும்.
காது சொறியும் ஜெனுஷன்,
சப்பாத்துக் கயிறு கட்டும் ஜெனுஷன்.
அசையாத ஒன்றைக் கண்டால் போதும்,
என் கமராவுக்கு
கலியாண வீட்டு ஞாபகம்.

இருபதுக்குப் பத்தொன்பது.
சாம்பல்தீவு யதுர்ஷிகா உயர்த்தி அடித்த பந்தை
ஷெவோன் தொடாமல் விட்டாள்.
உள்ளே, என்று கை காட்டினான் ஜெனுஷன்.
அவ்வளவுதான், விசில், கட்டிப்பிடி, கூச்சல்,
சாம்பல்தீவுப் பிள்ளைகள் வாளியைத் தட்டித் தட்டி ஆட,
ஷெவோன் வலைக்குக் கீழால் கைகொடுத்துவிட்டு
தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் தேடினாள்.

இரவு, திரையில் பெருப்பித்துப் பார்த்தேன்.
ஷெவோன் கலக்கம், வலை கலக்கம்.
பந்தும் கோடும் ஜெனுஷனும் ஒரே தூரத்தில்,
அதனால் மூன்றும் துல்லியம்,
அன்றைக்கு நான் எடுத்ததிலேயே நல்ல படம்.
தக்கை தரையைத் தொடுகிறது,
கோட்டுக்கு ஒரு விரற்கடை வெளியே.
ஜெனுஷனின் கண் கோட்டில் இல்லை.
பக்கக் கதவுக்குள் தலையை நீட்டின,
இந்த ஊரில் யாரையும் கேட்காமல் எங்கேயும் போகிற,
ஒரு புள்ளிமானைப் பார்த்துச் சிரிக்கிறான்.
மான் மங்கல்தான்.
ஆனாலும் மான் என்று தெரிகிறது.

அறுபதைத் தெரிந்து அனுப்பினேன். இது அதில் இல்லை.
ஷெவோனுக்கு, பின்னல் நின்ற அந்தப் படம்,
கொஞ்சம் கலங்கினது, பெரிதாய்ப் போட்டு.

கிழமை கழித்து ஜெனுஷன் கடைக்கு வந்தான்.
"அக்கா, நாள் முழுக்க அங்கதான் இருந்தன்.
எதிலயாவது விழுந்தனானா?"

எண்ணி வைத்திருந்தேன், நாற்பத்தொன்று.
நாற்பதைக் கொடுத்தேன்.
காசு வேண்டவில்லை.