எண்ணிக்கை

ஏழாம் யூனிட்டில் இப்போது எல்லோருக்கும் அந்த எண் தெரியும்.
காலை எட்டரைக்கு ரத்தம் எடுப்பார்கள்,
பதினொன்றுக்குள் தாளில் வந்துவிடும்.
பதினொன்று ஐந்துக்கு பேக்கரி வாசலில்
யாராவது கேட்பார்கள்: "இன்னிக்கு எவ்வளவு?"
கிங்ஸ்மீடில் ஆட்டம் நடக்கிற நாளில் கேட்பதுபோல.
புள்ளி இரண்டு என்பேன்.
"நேத்து?"
புள்ளி ஒன்று.
"ஏறுதப்பா" என்று ரொட்டியைக் கையில் திணிப்பார்கள்.

டாக்டர் சொன்ன பெயரை
முதல் வாரம் வீட்டில் யாரும் சொல்லவில்லை.
ரத்தத்தில் ஏதோ, என்றோம்.
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நான் படித்த எழுத்துகள்
அதற்குப் போதவில்லை.
கோகிலம்தான் சொன்னாள்,
துணித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம்
சட்டைக் காலர் தைத்தவள்:
"மிஷின் வேகமா ஓடுது, அவ்வளவுதான்.
தைக்கிறதெல்லாம் கோணல்."

மோர்கன் வீட்டு கராஜில்
கல்யாணத்துக்கு எடுக்கிற அண்டா.
நானூறு பிரியாணிப் பொட்டலம், ஒன்று அறுபது ராண்ட்.
டோலி அக்கா வெங்காயம் நறுக்க,
ஹஸீனா பீவி மசூர் பருப்பு ஊறவைக்க,
சர்ச்சுப் பையன்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு
மூன்றாம் யூனிட் வரை விற்றுவிட்டு வந்தார்கள்.
பணம் பெட்ரோலுக்கு. நான் வேலைக்குப் போகாத நாட்களுக்கு.
கோகிலத்துக்கு அதில் ஒரு பருக்கை தரக்கூடாது.
வெளிச்சோறு, பச்சைக் காய், தயிர், பூ,
எதுவும் உள்ளே போகாது.
திருநீறும்தான்.
பூசாரி காகிதத்தில் மடித்துக் கொடுத்தது
காரின் டேஷ்போர்டில் கிடக்கிறது.
மேட்டில் ஏறும்போது எஞ்சின் இருமுகிறது,
அதற்காவது பூசலாமா என்று யோசிக்கிறேன்.

தட்டணுப் பை வந்தது. மஞ்சள் நிறம்.
உடம்பிலிருந்து வருவதெல்லாம் சிவப்பு என்றே
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
பையில் பெயர் இல்லை, எண் மட்டும்.
அந்த வாரம் எங்கள் தெருவில் கொடுத்தவர்கள் பதினேழு பேர்.
பதினேழு முகத்தையும் ஒவ்வொன்றாக
அந்தப் பைமேல் வைத்துப் பார்த்தேன்.
யாருக்கும் பொருந்தவில்லை. எல்லோருக்கும் பொருந்தியது.
நர்ஸ் நொகுலுங்கா கம்பியில் மாட்டிவிட்டு
"யாரோ ஒருத்தரோட செவ்வாய்க்கிழமை, மா" என்றாள்.

மோர்கன், பள்ளிப் பதிவேட்டில்
முருகனிலிருந்து மோர்கனாகிப் போனவன்,
ஆறு வாரம் குடிக்காமல் இருந்தான்.
ரத்த வண்டியின் படியில் ஏறினான்.
அழுத்தம் அதிகம் என்று இறக்கிவிட்டார்கள்.
அங்கேயே நின்று அழுதான், ஐம்பத்தொரு வயதில்.
பிறகு வந்து என் காரைக் கழுவினான்.
மறுநாளும் கழுவினான்.
போதும் என்று நான் சொல்லவில்லை.

ஒரு ராத்திரி ஆஸ்பத்திரி பார்க்கிங்கில்
காரைவிட்டு இறங்க முடியவில்லை.
போன் அடித்தது. எடுக்கவில்லை.
மறுபடி அடித்தது.
வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது, மழையே இல்லை.
மறுநாள், வீட்டிலேயே தூங்கிட்டேன் என்றேன்.
"அஞ்சாம் மாடியிலிருந்து
நம்ம கார் விளக்கு தெரியும்" என்றாள்.
அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.
தலையணையைச் சரிசெய்யச் சொன்னாள்.

மூன்றாவது சுற்று முடிந்து இருபதாம் நாள்.
புள்ளி நான்கு.
வாயெல்லாம் புண், தண்ணீர்கூட எரிகிறது.
ஆனாலும் மாங்காய் ஊறுகாய் கேட்டாள்,
தின்ன அல்ல.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் ஜாடியைத் திறந்து
போனில் மணத்தைச் சொல்ல வேண்டுமாம்.
எனக்குப் பேச வராது.
சர்க்கரைக் கிடங்கில் லாரி நம்பர் கத்துகிறவன்.
வெந்தயம், என்றேன்.
பூண்டு.
"அப்புறம்?"
எண்ணெய் கொஞ்சம் பழசு.
"அப்புறம்?"
விரலை விட்டு நக்கிப் பார்த்தேன்.
உப்பு தூக்கல்.
"அது டோலி கை" என்றாள்.
"மூடி வை. ஈ வரும்."