நாற்பத்தெட்டு மீட்டர்

ஆம்ஸ்டர்டாமில் இந்தத் தெரு வீடுகள்
கால்வாயை எட்டிப் பார்ப்பதுபோல்
முன்னால் சாய்ந்து நிற்கின்றன.
ஒவ்வொரு நெற்றியிலும் ஓர் உத்தரம்,
உத்தரத்தின் நுனியில் கொக்கி.
படிக்கட்டோ,
ஆள் நுழைந்தால் நிழல் வெளியே நிற்கவேண்டிய அகலம்.

வீட்ஸ்கே ஐம்பத்து நான்கு கிலோ.
அலமாரி நூற்றிருபது,
துணியெல்லாம் எடுத்தபிறகு.
தம்பி டௌவேக்கு வலக்கையில் மாவுக்கட்டு.
அலமாரி சுவரில் மோதாமல்
இடக்கையால் பக்கக் கயிற்றைப் பிடிப்பான்,
அவ்வளவுதான் அவனால் ஆனது.

மேலே இரண்டு கப்பி, கீழே இரண்டு.
தூக்க நாலு பேர் வேண்டும் என்பார்கள்.
இங்கே நாலு பேரும் ஒரே கயிறு.

ஒரு மீட்டர் இழுத்தால்
ஒரு சாண் ஏறுகிறது.
சாண் ஏற முழம் சறுக்குவது வேறு கதை;
இங்கே சறுக்கல் கிடையாது,
சாணுக்கு நாலு சாண்
முன்பணமாகக் கொடுத்துவிட வேண்டும்.
எடை குறையவில்லை,
தவணையாகியிருக்கிறது.
முப்பது கிலோ போதும் என்றது கணக்கு.
கிறீச்சிட்டபடி
தன் பங்குக்கு ஏழெட்டுக் கேட்டது கப்பி.

இரண்டாம் மாடி உயரத்தில் கை ஓய்ந்தது.
படகு கட்டும் இரும்புத் தூணில்
கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றினாள்.
மிச்சத்தை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு
மறு கையால்
பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைத் தின்றாள்.
நூற்றிருபது கிலோ
அவள் மென்று முடிக்கும்வரை
அந்தரத்தில் காத்திருந்தது.

அப்போதுதான் சன்னலைத் திறந்தார் ஒருவர்,
பாதி முகத்தில் சவர நுரையோடு.
எதிரே ஆகாயத்தில்
அலமாரிக் கண்ணாடியில்
பாதி நுரையோடு இன்னொருவர்.
"காலை வணக்கம்" என்றார் தன்னிடமே.
பிறகு
சன்னல் விளிம்பில் சிக்கியிருந்த அதன் காலை
ஒற்றை விரலால் தள்ளினார்.
யானை திரும்புவதுபோல் திரும்பியது.
அந்த விரலைத் தானே
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் மாடியில்
அதை உள்ளே இழுத்துக்கொண்டவரும் அவரே,
நுரை காய்ந்த கன்னத்தோடு படியேறிப் போய்.

கடைசியில் வீட்ஸ்கே தன்னைத் தூக்கிக்கொண்டு
அறுபத்திரண்டு படி ஏறினாள்.
முட்டிக்கு யார் கப்பி மாட்டுவது.
அலமாரிக் கதவைத் திறக்கப் போனவள்
உள்ளங்கையைப் பார்த்தாள்:
குறுக்கே ஒரு சிவந்த கோடு.

கீழே மழை பிடித்துவிட்டது.
டௌவே ஒற்றைக் கையால்
கயிற்றைச் சுருட்டுகிறான்.
பன்னிரண்டு மீட்டர்தானே ஏற்றினோம்,
இதென்ன இவ்வளவு நீளம்
என்று திட்டிக்கொண்டே
சுருட்டுகிறான்.