எண் நாற்பத்தொன்றின் தகப்பன்

கெம்னிட்ஸ் நகரத்து ரயில் பாதையோரம்
துண்டு துண்டாய் வாடகைக்கு விட்ட தோட்டங்களில்
பதினேழாவது என்னுடையது.
எல்லாரும் முள்ளங்கி போட்ட மண்ணில்
நான் சரளை கொட்டினேன்.
"கல்லையா வளர்க்கப் போகிறாய், குண்டுலா?"
வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எக்கார்ட்.

கல்லில்தான் இவை வாழும்.
எங்கள் பக்கம் வீட்டுவேர் என்பார்கள்,
கடல் தாண்டினால்
தாய்க்கோழியும் குஞ்சுகளும்.
கூரையில் வைத்தால் இடி அண்டாதாம்.
என் கொட்டகைக் கூரையில் நாற்பது இருக்கின்றன.
இடி விழவில்லை.
மழைதான் ஒழுகுகிறது.

குஞ்சு தாயையே உரித்து வைத்திருக்கும்.
புது முகம் வேண்டுமென்றால்
விதைக்குப் போக வேண்டும்,
விதைக்கு ஒரு தலையைக் கொடுக்க வேண்டும்.
பூத்த தலை பிழைப்பதில்லை.

அந்த ஜூனில் கரும்சிவப்பு ஒன்று பூத்தண்டு நீட்டியது.
கடிகாரக்காரனின் இடுக்கியால்
மொட்டைப் பிரித்து மகரந்தப்பைகளைக் கிள்ளினேன்,
வெள்ளை வலை போர்த்திய குட்டை இனத்தின் தூளை
தூரிகையில் தொட்டு வைத்தேன்.
தேனீ வராதபடி
என் பழைய காலுறையை மாட்டிவிட்டேன்.
கறுப்பின்மேல் சிலந்தி வலை:
இவ்வளவுதான் நான் கேட்டது.

விதை என்பது தூசி.
ஒரு தும்மலில் ஒரு வம்சம் போய்விடும்.

இருநூற்றுப் பன்னிரண்டு முளைத்தன.
இரண்டாம் வருடம் பார்த்தால்
இருநூற்றுச் சொச்சமும் ஒரே பச்சை,
நகராட்சி பெஞ்சுக்கு அடிக்கிற அதே பச்சை.
கழிக்கத் தெரியாதவள் இந்த வேலைக்கு ஆகமாட்டாள்.
நான் கழித்தேன்,
கழித்ததை உரக்குழியில் போட மனமில்லாமல்
சுவரோரம் குவித்தேன்.
வைத்துக்கொண்டவற்றுக்கு எண் எழுதிக் குத்தினேன்.
நோட்டில் தாய் ஒரு பத்தி, தகப்பன் ஒரு பத்தி.

மார்ச்சில், பனி விட்ட காலையில்,
கருங்குருவி வந்திருக்கிறது.
புழு தேடி ஒவ்வொன்றையும் கிளறி
வேர் வானம் பார்க்கக் கவிழ்த்து,
எண் அட்டைகளை வழியெங்கும் எறிந்து,
கழித்த குவியலையும் கலைத்து,
முடித்துவிட்டு வேலிமேல் உட்கார்ந்து
கழுத்தைச் சாய்த்து என்னைப் பார்த்தது.

எது எதன் பிள்ளை?
கைக்கு வந்ததை வந்த இடத்தில் ஊன்றினேன்.
அட்டைகளை மனம்போல் செருகினேன்.
வேலைக்கு நேரமாகிவிட்டது,
பேக்கரியில் மாவு பொங்கிக்கொண்டிருந்தது.

ஏப்ரலில் ஒன்று கறுத்தது.
ஓரமெல்லாம் கரி,
நடுவில் பூனைக் காதின் உள்பக்கச் சிவப்பு,
நுனிக்கு நுனி நூலிழை.
பக்கத்தில் நாற்பத்தொன்று என்ற அட்டை.
நோட்டைப் புரட்டினேன்:
"41: பச்சை. கழிக்கவும்."

எக்கார்ட் ரயில்வேயில் கால அட்டவணை போட்டவர்.
"பிறப்பு தெரியாததற்குப் பெயர் வைக்கக் கூடாது,
ஏதாவது எழுதித்தான் ஆகவேண்டும்" என்றார்.
எழுதினேன்.
தாய்: இருவரில் ஒருத்தி.
தகப்பன்: கருங்குருவி.
அவர் வாசித்தார்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்திக் கொடுத்தார்.

ஜூனில் ட்ரெஸ்டனிலிருந்து இரண்டு பேர்
பார்க்க வந்தார்கள்.
வெயிலில் அது மறுபடி பெஞ்சுப் பச்சையாகியிருந்தது.
அழகாக இருக்கிறது என்றார்கள்,
வேறொன்றைப் பார்த்துக்கொண்டு.

இன்னும் குஞ்சு விடவில்லை.
இருப்பது அந்த ஒரே தலை.
நடு உயர்கிறதா என்று
ஷிஃப்ட்டுக்குப் போகும்முன் டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.
அது பூத்தால்
இந்த நோட்டுதான் மிஞ்சும்.
நேற்று அதிகாலை மூன்று மணிக்கு
இலையடியில் பயறளவு ஏதோ தட்டுப்பட்டது.
குஞ்சாக இருக்கலாம்.
சரளையாகவும் இருக்கலாம்.
நான் தொடவில்லை.