எதைச் சொல்லாது?

நெருப்பூர்த் துணை சுகாதார நிலையத்தில்
மேசைமேல் வைத்தார்கள் அந்தப் பெட்டியை.
சோப்பு டப்பா அளவு. ஒரு வயர், ஒரு செல்போன்.
வயிற்றில் வைத்தால் போதும் சிஸ்டர், என்றான்
ஓசூரிலிருந்து வந்த நவாஸ்.
துடிப்பு சொல்லும், வாரக்கணக்கு சொல்லும்,
நஞ்சுக்கொடி கீழிறங்கி வழியை அடைத்திருந்தால்
திரை சிவக்கும்.

எதைச் சொல்லாது? என்று கேட்டேன்.

அவனுக்குப் புரியவில்லை.
அவன் பிறப்பதற்கு முன்னால்
பென்னாகரம் ரோட்டில் ஒரு ஆம்னி வேன் நிற்கும்.
உள்ளே பலகை, பேட்டரி, சின்னத் திரை.
ரசீதில் நீல மை என்றால் வீட்டுக்குப் போகலாம்.
சிவப்பு மை என்றால்
அடுத்த வாரம் வரவேண்டும், இன்னும் பணத்தோடு.
மாதம்மாளுக்கு மூன்று முறை சிவப்பு.
நான்காவதாய்ப் பிறந்தவன் இப்போது
பெண் தேடிக் கர்நாடகம் வரை போய்வருகிறான்.

"ஆணா பெண்ணா காட்டாது சிஸ்டர்,
அதை மறைச்சு வெச்சிருக்கோம்."

மறைத்திருக்கிறது என்றால் தெரிந்திருக்கிறது.
தெரிந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறதா,
தெரியவே தெரியாதா, தம்பி?
தெரிந்த வாயைத் திறக்க
எத்தனை ரூபாய் ஆகும் என்று
இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

டீயைக் குடிக்காமலே பெட்டியோடு போய்விட்டான்.
வந்த மெஷினை விரட்டிவிட்டாயே, என்றார் டாக்டர்.
அந்த ஐந்து மாதத்தில்
ஒட்டனூர்க்காரி ஒருத்தி
ரத்தம் நிற்காமல் ஆம்புலன்சிலேயே போனாள்.
நஞ்சுக்கொடிதான்.
அந்தக் கணக்கை என்னிடம் யாரும் கேட்கவில்லை.
நானே எழுதி வைத்திருக்கிறேன்.

தக்காளி மூன்று ரூபாய்க்குப் போன மாசியில்
திரும்பி வந்தான், தாடியோடு.
"முதலிலிருந்து கற்றுக்கொடுத்தோம்.
அந்தப் படங்களைக் காட்டவே இல்லை.
அடித்துக் கேட்டாலும் தெரியாது இதற்கு."
உள்ளே ஒரு கணக்குப்பிள்ளையையும் வைத்திருந்தான்:
எத்தனை வயிறு, எந்த நேரம்,
ராத்திரி பத்துக்கு யாராவது எடுத்தாலும் எழுதிக்கொள்ளும்.
கிராம சபையில் அதை
உரக்க வாசிப்பது என் வேலை.

நேற்று ஒரு மாமியார்
ஐந்நூறு ரூபாய்த் தாளை நாலாய் மடித்துப்
பெட்டிக்கு அடியில் செருகினாள்.
பெட்டி சொன்னது:
நூற்று நாற்பத்தாறு. சீராக இருக்கிறது.

தாளை எடுத்து அவள் கையில் திணித்தேன்.
அதுக்கே தெரியாதும்மா, என்றேன்.

பெட்டியைப் பார்த்தாள்.
பிறகு என்னைப் பார்த்தாள், நெடுநேரம்.
"உனக்கு?"

நான் அவள் மருமகளின் வயிற்றிலிருந்து
ஜெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.