யன்னல் இல்லாத இரவு

கடலுப்புத் தின்ற கொழுக்கி
கையிலேயே உதிர்ந்தது.
தௌபீக் மேசன் பூச்சை அறுக்க
சுவரோரம் நிறங்கள்:
எங்கள் வெள்ளை, அதற்கடியில்
யாரோ ஆசைப்பட்ட பச்சை.
அலுமினியச் சட்டம் அரை அங்குலம் கூட.
"நாளைக்குப் பாப்பம்" என்று
பொலித்தீன் கட்டிவிட்டுப் போனார்.

டச்சுக்குடாக் காற்று அதை ஊதி ஊதி
இரண்டு மணிக்குப் பிய்த்தது.
மணற்குவியலில் காலடி.
ரோச் அடித்தேன்.
கோட்டைப் பக்கத்து மான்,
ஓட்டைக்குள் கழுத்து நீட்டி
மேசையிலிருந்த பப்பாசித் தோலை
மென்றுகொண்டிருந்தது.
"லைற்றை நூருங்கோ," என்றாள் சுகிர்தா.

இப்போது கண்ணாடி பூட்டியாயிற்று.
பத்து வருட உத்தரவாதம்.
புதுச் சாந்து சுற்றிவர
வேறு நிறமாய்க் காய்கிறது.
வெளிப்புறம், இடுப்புயரத்தில்,
ஈர மூக்கின் தடமொன்று.

சுகிர்தா துணியோடு நிற்கிறாள்,
அதைச் சுற்றித் துடைக்கிறாள்.