ஏழாவது இரும்பு

பிப்ரவரி. லாயத்துச் சுவரில் ஆறு ஆணி,
ஆறு வாயிரும்பு.
ஒற்றை மூட்டு என்றால்
நாக்கைத் தூக்கி அதன்மேல் போட்டுக்கொள்வான்.
ரப்பரை மென்று துப்பினான், பச்சை நுரையோடு.
சங்கிலி கோத்த பெல்ஹமுக்குத்
தாடையை மார்பில் புதைத்தான்
கொரிகன்.
பிறகு கிளம்பினான், கால்வே மழைக்குள்,
முதுகில் நான் வெறும் சாமான்.

சேணக்கடை டிம்ப்னா ஏழாவதை மேசையில் வைத்தாள்.
நடுவே செம்பு உருளை. "இது பிடிக்கும்."
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

கம்பளிச் சட்டைக்குள், அக்குளில் வைத்துச் சூடாக்கினேன்.
குளிர்ந்த இரும்பை நானும்தான் வாயில் வாங்கமாட்டேன்.
உதட்டோரம் கட்டைவிரல் வைத்ததும் திறந்தான்.
உருளை கடகடத்தது,
தூக்கத்தில் பல் கடிக்கும் குழந்தைபோல.

முதல் கற்சுவர் வரை கனவான்.
இரண்டாவதில் காதுகள் முன்னால் போயின.
மூன்றாவதில் என் தோள்மூட்டு முனகியது:
இழுத்தேன், அவனும் இழுத்தான்,
அவனுக்குக் கழுத்து நீளம்.

ஒரு மைல் தாண்டி நின்றான். எனக்காக அல்ல.
வேலிக்கப்பால் ஒரு கழுதை.
பார்த்துக்கொண்டே இருந்தான், வாய்க்குள் மெல்ல
செம்பை உருட்டிக்கொண்டு.

திரும்பும்போது நடைதான்.
உள்ளங்கையில் வார் பதிந்த இரண்டு கோடு.
லாயத்தில் சுத்தியலைத் தேடினேன்,
ஏழாவது ஆணி அடிக்க.